அச்சு முறியும் முன்...

மயிலிறகைவிட எடை குறைந்த பண்டம் எது? ஆயினும் அளவறியாமல் ஏற்றிக்கொண்டே போனால், அதைச் சுமக்கும் வண்டியின் அச்சும் ஒருநாள் முறிந்துபோகும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். பள்ளியில் இக்குறளை மனப்பாடம் செய்யாதவர் நம்மில் இலர். பதவுரையும் தெளிவுரையும் எழுதி மதிப்பெண் பெற்றோம். ஆனால் வண்டியின் அச்சைக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? அதைக் கையால் தொட்டவர் எத்தனை பேர்?

வரலாறு பயிலும் மாணவனுக்கும் காரின் அச்சுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். ஆறு மாதங்களுக்கு முன்பு நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். படித்தவன் தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் ஒரு காரின் அச்சைத் தன் கையால் கழற்றிப் பார்க்க வேண்டும். காசை மிச்சப்படுத்துவதற்காக மட்டுமன்று, தனக்கு எது தெரியாது என்பதைத் தெரிந்துகொள்வதற்காக. இதுவே என் கருத்து. இக்கருத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டினப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து கடல் கூப்பிடு தூரம். காற்று வாங்கக் கடற்கரைக்கு வருபவர்களுக்கு அந்தக் காற்று இனிது. அங்கேயே இருக்கும் இரும்புக்கு அது எமன். சன்னல் கம்பியும் மிதிவண்டிச் சங்கிலியும் எங்கள் பகுதியில் வயதுக்கு முன்பே மூப்படைகின்றன. ஈரத்தில் கரைந்த உப்பு மின்பகுளியாக மாறித் துருப்பிடித்தலை விரைவுபடுத்துகிறது என்பதை வேதியியல் நண்பர்கள் நன்கு அறிவார்கள்.

என் மாமாவிடம் பழைய மாருதி 800 ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் சிற்றுண்டிப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு மூன்று அலுவலகங்களுக்குக் கொடுத்துவிட்டு வருவார். அந்த வண்டி ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். சென்ற ஆனி மாதத்தில் ஒருநாள், தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் முன்சக்கரத்தின் பின்புறம் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, பூட்டு கிழிஞ்சிருக்கு. கிரீஸ் வெளியே அடிச்சிருக்கு பாரு. இப்பவே மாத்திடு" என்றார். நான் தலையாட்டினேன். வேலை தேடிப் பேசுகிறார் என்று மனத்துக்குள் முடிவு கட்டி, மாமாவிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். கல்லூரிக்குப் போகிறவன் என்ற இறுமாப்பு எனக்கு அப்போது மிகுதியாகவே இருந்தது.

ஐப்பசி மழை வந்தது. தேங்கிய நீரிலும் மணலிலும் வண்டி ஓடியது. கார்த்திகையில், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்று ஓர் ஓசை கேட்கத் தொடங்கியது. மார்கழியில் அது சாந்தோம் நெடுஞ்சாலையின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. ஒரு பணிமனையில் காட்டியபோது, இரண்டு பக்கத்து அச்சுகளையும் முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்ட மாமா ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினார். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை சில ஆயிரங்களுக்கு வளர்ந்திருந்தது. அதற்குக் காரணம் நான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அச்சு செய்யும் வேலை

குற்ற உணர்வு ஒருவனைப் படிக்க வைக்கும். தேர்வுக்குக்கூட அவ்வளவு ஆர்வமாக நான் படித்ததில்லை.

அம்பாசிடர் போன்ற பழைய கார்களில் எஞ்சின் முன்னால் இருந்தது. ஆனால் வண்டியைத் தள்ளியது பின்சக்கரம். அதன் அச்சுத்தண்டு ஓர் இரும்புக் கூட்டுக்குள் நேராகக் கிடக்கும். சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றிவிட்டால் தண்டை வெளியே உருவிவிடலாம். மாட்டுவண்டி அச்சுக்கு அது கொஞ்சம் நெருங்கிய உறவு எனலாம்.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இந்த முறையை மாற்றியது. அதில் முன்சக்கரமே வண்டியை இழுக்கிறது. அதே முன்சக்கரமே வலமும் இடமும் திரும்புகிறது. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுகிறது. எனவே எஞ்சினின் சுழற்சியை அதற்குக் கொண்டுபோகும் தண்டு, சுழன்றுகொண்டே மடங்கவும் வேண்டும், நீளவும் குறுகவும் வேண்டும். ஒரே நேரத்தில் இத்தனை வேலையும் செய்யும் அந்தத் தண்டைத்தான் பட்டறையில் 'ஆக்ஸில்' என்கிறார்கள்.

சுழலும் தண்டை மடக்குவது எளிதன்று. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த சிலுவை வடிவ மூட்டில் ஒரு குறை உண்டு. மூட்டு மடங்கியிருக்கும்போது, ஒருபக்கத் தண்டு சீராகச் சுழன்றாலும் மறுபக்கத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். திரும்பும் சக்கரத்தில் இப்படி நேர்ந்தால் வண்டி குலுங்கும். 1920களில் ஆல்ஃபிரட் ரெப்பா என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு குமிழ், இரண்டுக்கும் இடையே பள்ளங்களில் உருளும் ஆறு எஃகுக் குண்டுகள். மூட்டு எந்தக் கோணத்தில் மடங்கினாலும் குண்டுகள் அக்கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும். எனவே உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஒன்றாகவே இருக்கும். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'மினி' கார் இவ்வகை மூட்டை நடுத்தர மக்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோவும் முன்சக்கரத்தால் ஓடியதே. இன்று ஓடும் மின்சாரக் கார்களிலும் இத்தகைய தண்டும் மூட்டும் உண்டு. எஞ்சின் போனாலும் அச்சு போகவில்லை.

இவ்வளவு நுட்பமான மூட்டைக் காப்பது எது? துருத்தி போல் மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு ரப்பர் உறை. அதுதான் 'பூட்டு' என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்ன 'பூட்'. உள்ளே கரிய கிரீஸ் இருக்கிறது. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மணலும் நீரும் உள்ளே நுழையும். கடற்கரை மணல் கலந்த கிரீஸ் என்பது கிரீஸ் அன்று, அரம். எஃகுக் குண்டையும் பள்ளத்தையும் அது தேய்த்துத் தின்றுவிடும். திரும்பும்போது கேட்ட 'டக் டக்' ஓசை, தேய்ந்த பள்ளத்தில் குண்டுகள் தடுமாறும் ஓசையே. திரும்பும்போது ஓசை வந்தால் பெரும்பாலும் சக்கரத்தின் பக்கமுள்ள மூட்டில் குறை. நேராகச் செல்லும்போது வேகமெடுக்கையில் வண்டி அதிர்ந்தால் கியர்பெட்டியின் பக்கமுள்ள உள்மூட்டைச் சந்தேகிக்கலாம். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் சிதறியிருந்தால் உறை கிழிந்துவிட்டது. ஆனால் மூட்டு இன்னும் பிழைக்கலாம். அண்ணன் எனக்குச் சொன்னது அந்த மூன்றாம் நிலையைத்தான்.

பொங்கல் விடுமுறையில்

கைப்பேசியில் இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு, பொங்கல் விடுமுறையில் நானே கழற்றுவதென முடிவு செய்தேன். மாமா தயங்கினார். "நீ பார்த்துக்குவியாடா?" என்று இருமுறை கேட்டார். "பார்த்துக்கிறேன் மாமா" என்றேன்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. முதல்நாள் இரவே நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தேன். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். சக்கரத்தின் நடுவிலுள்ள பெரிய நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். தூக்கிய வண்டியில் அவ்வளவு முரட்டு விசை கொடுத்தால் வண்டி சாயும். மாமா பிரேக்கை அழுத்திக்கொள்ள, சாக்கெட் கைப்பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினேன். அரை மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 40 கிலோ எடையை ஏற்றினால் சுமார் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும் என்பது பாடம். பாடத்தைவிடத் துரு வலிது. நான் ஏறி நின்று குதித்த பிறகே நட்டு அசைந்தது.

பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கினேன். சக்கரத்தைக் கழற்றினேன். ஸ்டாண்டு இல்லையே என்று செங்கற்களை அடுக்கினேன். அடியில் தலையை நுழைக்கப் போகும்போது என் சட்டைக் காலரை யாரோ பிடித்து இழுத்தார்கள். மெக்கானிக் அண்ணன்!

"செங்கல் நொறுங்கும் தம்பி. சொல்லிட்டு நொறுங்காது."

வேறொன்றும் பேசாமல் செங்கற்களைக் காலால் தள்ளினார். கழற்றி வைத்திருந்த சக்கரத்தைப் படுக்க வைத்து வண்டியின் ஓரத்துக்கு அடியில் செருகினார். தம் பட்டறைக்குப் போய் இரண்டு ஸ்டாண்டும் ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகையும் எடுத்து வரச் சொன்னார். நான் எடுத்துக்கொண்டு திரும்பி வருகையில் வீட்டுப் பக்கம் 'தடால்' என்று ஓர் ஓசை. ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் பக்கத்து மண் மேலுக்குத்தான் இறுகியிருக்கும்; அடியில் மணல். ஜாக்கி ஒருபக்கம் புதைந்து சாய்ந்திருந்தது. வண்டி அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. சக்கரம் இருந்த இடத்தில்தான் சற்று முன்பு என் தலை இருந்திருக்க வேண்டும்.

மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அண்ணன் மட்டும் பதறவில்லை. "பலகையைக் கொடு" என்றார்.

அதன்பின் நடந்தது பாடம். ஆசிரியர் அவர், மாணவன் நான். வண்டியை ஸ்டாண்டுகளில் இருத்திய பிறகு இருபுறமும் அசைத்துப் பார்த்து உறுதி செய்தோம். கியர் ஆயிலை முதலில் ஒரு பாத்திரத்தில் வடித்தோம். வடிக்காமல் அச்சை உருவினால் அது தரையில் கொட்டும். கீழ்க்கையின் பால் ஜாயின்டை விடுவித்து, சக்கரக்கூட்டை வெளியே சாய்த்துத் தண்டின் முனையை விடுவித்தோம். முனையில் சுத்தியலால் நேரே அடிக்கப் போன என் கையைத் தடுத்து, நட்டைப் பாதி மாட்டி மரக்கட்டை வைத்துத் தட்டச் சொன்னார். மரை நசுங்கினால் தண்டே வீண். கியர்பெட்டிப் பக்கத்தில் தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது, உள்மூட்டு பிரிந்துவிடும். மூட்டின் உடலுக்கும் பெட்டிக்கும் இடையே நெம்புகோல் கொடுத்து, ஆயில் சீல் கிழியாமல் நெம்ப வேண்டும். ஒவ்வொரு 'கூடாது'க்குப் பின்னாலும் என்றோ ஒருநாள் கெட்டுப்போன ஒரு வண்டி இருந்திருக்க வேண்டும். இவையே அவருடைய நூலகம்.

இரண்டு பக்கமும் கழற்றி டீசலில் கழுவிப் பார்த்தோம். இடப்பக்க மூட்டின் பள்ளங்களில் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. அது போனது போனதுதான். வலப்பக்கத்தில் உறை மட்டுமே கிழிந்திருந்தது; மூட்டில் ஆட்டமும் இல்லை, குழியும் இல்லை. அதற்கு மாலிப்டினம் கலந்த புதுக் கிரீசும் புது உறையும் புதுக் கிளிப்பும் போதுமாயின. இரண்டையும் மாற்றச் சொன்ன இடத்தில் பாதிச் செலவு வீணாகியிருக்கும். மறுபடி பூட்டும்போது புதிய சர்க்கிளிப், புதிய பின். நடு நட்டின் இறுதி முறுக்கு சக்கரம் தரையில் இறங்கிய பிறகே. புதிய கியர் ஆயில் மறவாமல் ஊற்ற வேண்டும். வடித்த பழைய ஆயிலை நான் சாக்கடையில் ஊற்றப் போனேன். கழிவு எண்ணெய் தீங்கான கழிவு என 2016ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அண்ணன் விதியைச் சொல்லவில்லை. "அது ஆத்துக்குத்தான் போகும். நம்ம பசங்க வலை போடற இடம்" என்றார். அடையாற்று முகத்துவாரம் எங்களுக்கு அடுத்த தெருவைப் போல. ஆயிலைக் கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுப்பதற்காகப் பட்டறைக்கு எடுத்துச் சென்றார்.

இரண்டு மறுப்புகள்

எல்லாரும் வீட்டில் கழற்றத் தொடங்கினால் மெக்கானிக்குகளின் பிழைப்பு என்னாவது என்று கேட்பார்கள். அன்று மாலை அண்ணன் தம் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார். மாமாவும் மனமுவந்து கொடுத்தார். வேலையின் அருமை தெரிந்தவன் கூலியில் பேரம் பேசமாட்டான். ஒரு நட்டைத் தளர்த்த மூச்சு வாங்கியவனுக்குத்தான் ஒருநாளில் பத்து நட்டைத் தளர்த்துபவனின் தோள் வலி தெரியும். தெரியாதவனே, "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறான். அவனே மறுநாள் இன்னொருவர் சொல்லும் பெருந்தொகையைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டும் வருகிறான்.

ஆபத்தான வேலையைப் படிக்கும் பிள்ளைகள் செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, என் தலையே அதற்குச் சான்று. தனியாகச் செய்யாதீர்கள்; தெரிந்தவர் உடனில்லாமல் செய்யாதீர்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். ஆனால் ஆபத்து என்னை நெருங்கியதற்குக் காரணம் நான் காரைத் தொட்டது அன்று. படம் பார்த்ததையே தெரிந்துகொண்டதாக எண்ணியது. படத்தில் காட்டிய தரை சிமெண்டுத் தரை. எங்கள் தரை மணல். இந்த ஒரு வேறுபாட்டை எந்தப் படமும் எனக்குச் சொல்லவில்லை. தெருமுனையில் இருந்தவர் சொன்னார்.

பட்டறைக்காரரின் சொல்லுக்கு மதிப்பில்லை என்று எண்ணுபவர்களுக்கு நம் சென்னையின் தொழில் வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1960களில் 'ஹெரால்டு' காரைத் தயாரித்தது. அதன் பின்புற அச்சு இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்ட ஊசலாடும் அச்சு. நம் நாட்டு மெக்கானிக்குகளுக்கு அது பிடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அதே காரை மாற்றி 'கஸல்' என்று வெளியிட்டபோது, ஊசலாடும் அச்சை நீக்கிவிட்டு ஒரே தண்டாக நிற்கும் திட அச்சைப் பொருத்தினார்கள். மெக்கானிக்குகளின் மனக்குறையே இம்மாற்றத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மரத்தடிப் பட்டறையின் பேச்சு தொழிற்சாலைக்குள்ளும் கேட்டது! தொழிற்சாலை செவிசாய்த்த அந்தக் குரலுக்கு, ஒரு கல்லூரி மாணவனாகிய நான் செவிசாய்க்கவில்லை. அரசர்களின் போர்களையும் ஆண்டுகளையும் படிக்கும் எனக்கு, என் ஊரின் இந்த வரலாறு பாடமாக வரவுமில்லை.

ஒரு வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நம் கல்லூரிக்கு அறிஞர்கள் பலர் வருகிறார்கள். மேடையில் அமர வைத்து, சால்வை போர்த்தி, அவர்கள் உரையைக் கேட்டுப் பயன் பெறுகிறோம். அவ்வரிசையில் பருவத்துக்கு ஒருமுறை, ஒரு சனிக்கிழமை, ஒரு மெக்கானிக்கையோ கொல்லரையோ படகு செப்பனிடுபவரையோ அழைக்கலாகாதா? அவருக்கும் அதே நாற்காலி, அதே சால்வை, அதே மதிப்பூதியம் கொடுக்கலாகாதா? பழைய அச்சு ஒன்றை மேசைமேல் வைத்து அவர் பிரித்துக் காட்டட்டும். இயற்பியல் துறையினர் அதன் கோணத்தை விளக்கட்டும்; வேதியியல் துறையினர் துருவை விளக்கட்டும்; தமிழ்த் துறையினர் அவர் வாயில் வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளட்டும்; நாங்கள் அவர் வாழ்க்கையை எழுதி வைக்கிறோம். நம் வீடுகளில் பலவற்றில் அப்பாவோ அண்ணனோ மாமாவோ கையால் உழைத்துத்தான் நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் கைக்குத் தெரிந்ததை நம் கல்வி அறிவென்று ஒப்புக்கொள்ளும் நாள், அவர்கள் இந்த வாயிலுக்குள் தலைநிமிர்ந்து நுழையும் நாள்.

பங்குனித் திருவிழாவில் மயிலையின் மாடவீதிகளில் கபாலீசுவரர் தேர் அசைந்து வருகிறது. எல்லாரும் கலசத்தையும் தேர்ச்சீலையையும் அண்ணாந்து பார்க்கிறோம். சக்கரத்தின் அருகே குனிந்து, கட்டை போட்டுக்கொண்டே வருபவர்களை யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் கண் ஒரு கணம் தவறினால் தேர் நிலைக்கு வராது. இந்தப் பங்குனியில் நான் கீழேதான் பார்க்கப் போகிறேன்.

மாமாவின் வண்டி இப்போது ஓசையின்றித் திரும்புகிறது. மாதம் ஒருமுறை, முதல் ஞாயிற்றுக்கிழமை, சக்கரத்தை ஒடித்து வைத்து உறையில் வெடிப்பு உண்டா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை. ஆனியில் ஒருவர் சொன்னபோதே இதைச் செய்திருந்தால், மாமா அன்று பேச்சற்று வீடு திரும்பியிருக்க மாட்டார். ஓர் இறகு கூடினால் அச்சு முறியும் என்றால், அந்த ஓர் இறகைக் கண்டு சொல்ல ஒருவர் வேண்டும். அவர் சொல்லும்போது கேட்க ஒருவரும் வேண்டும். சொல்பவர்கள் நம் தெருமுனையிலேயே இருக்கிறார்கள். கேட்பவர்களாக நாம் இருப்போம்.